நாலாவது மணி

வீட்டில் தின்பண்டம் எது காணாமல் போனாலும் பழி கடைக்குட்டி கடுகின் தலையில்தான் விழும். பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். ஆறு வயதுதான், வாய் மட்டும் ஓயாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைப் பிய்த்தவள் கடுகு இல்லை. அவளுடைய அக்கா குயில்.

சாதாரண ரொட்டியா அது? அப்பா ரொட்டிக்கடைக்காரர். ஆலயத்தில் எல்லோருக்கும் பகிரும் திருவிருந்துக்கு ரொட்டி சுடுவது அந்த வாரம் அவர் முறை. சபையார் முன்னால் போதகர் பிட்க வேண்டியது. அதுவரை முழுசாக இருக்க வேண்டும். சுடச்சுட மேசைமேல் இருந்தது. ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு துணுக்கைத்தான் குயில் கிள்ளினாள். கையோடு ஒரு பெரிய துண்டே வந்துவிட்டது. வந்ததை என்ன செய்வது? வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்பா தலையில் கைவைத்தார். வேறு ரொட்டி சுட அடுப்புக்கு ஓடினார். அம்மா நேராகக் கடுகைப் பார்த்தாள்.

"உன் வேலைதானே?"

கடுகு அக்காவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

"திருடித் தின்னவளுக்கு இன்னைக்குக் கோயில்ல ஒரு வேலையும் கிடையாது. மணியை வேற யாராவது அடிக்கட்டும்."

ஆராதனை முடிந்ததும் மூன்று முறை மணி அடிப்பது பிள்ளைகளின் வேலை. கடுகின் முறை வருவதற்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

உண்மை குயிலின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்று அவளுக்குத் தனிப்பாட்டு இருந்தது. பாடகர் குழுவை நடத்துவதே அம்மாதான். ரொட்டியோடு சேர்த்து உண்மையையும் விழுங்கிவிட்டாள்.

ஆலயத்தில் புது ரொட்டி வெள்ளைத் துணியின்மேல் இருந்தது. போதகர் அதை எடுத்துப் பிட்டார்.

"தப்பு நம்மளோடது. வலி அவரோடது. வாயைத் திறக்காம சுமந்தாரு," என்றார்.

குயில் இதை நூறு தடவை கேட்டிருக்கிறாள். அன்றுதான் காதில் விழுந்தது. சிலுவையைப் பார்த்தாள். முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்த கடுகைப் பார்த்தாள்.

எல்லோரும் மௌனமாகத் தலைகுனிந்தார்கள். குயிலும் கண்ணை மூடினாள்.

'ஆண்டவரே, என் தப்பை அவ சுமக்கிறா. அம்மாகிட்ட போய்ச் சொல்லணும். கால் நடுங்குது. காலுக்கு மட்டும் கொஞ்சம் பலம் குடுங்க.'

நடுக்கம் முழுசாக நிற்கவில்லை; நடக்கிற அளவுக்கு நின்றது. எழுந்துபோய் அம்மாவின் காதில் சொன்னாள்.

அம்மாவின் முகம் மாறியது. "பாட்டு கிடையாது, தெரியும்ல?"

"தெரியும்மா. மணியை மட்டும் அவளே அடிக்கட்டும்."

அம்மா அவள் தலையை மெல்லத் தடவினாள். தனிப்பாட்டைக் குழுவிலிருந்த தச்சர் மகள் பாடினாள். நன்றாகவே பாடித் தொலைத்தாள். அதுதான் குயிலுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் மணிக்கயிற்றின் அருகே தங்கையைப் பிடித்தாள்.

"நான் இல்லைன்னு நீ ஏன்டி சொல்லலை?"

"உன் வாயோரம் ரொட்டித்தூள் இருந்துச்சு. நான் சொன்னா உன் பாட்டு போயிடும்ல?"

குயிலின் கை தானாக வாயோரத்துக்குப் போனது. கண் நிறைந்துவிட்டது.

கடுகு கயிற்றில் தொங்காத குறையாக இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்துவாள் என்று பார்த்தால், நாலு!

"மூணுதான்டி அடிக்கணும்!" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

"மூணு கோயிலுக்கு," என்றாள் கடுகு, மூச்சு வாங்க. "நாலாவது அக்கா பாடாத பாட்டுக்கு."