கோடரியும் தேன் போத்தலும்

கரும்பலகையில் ஒரு படம். இடுப்பில் இலை, கையில் வில், தோளில் கோடரி. கீழே 'வேடர்' என்று எழுதியிருந்தது.

மாங்கேணிப் பள்ளிக்கூட ஜன்னலில் தொங்கியபடி பார்த்த இராசாத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய அப்பாவும் வேடர் குலம்தான். சாரம்தான் உடுப்பார், கடலில்தான் தொழில். போன மாதம் கடல் பொங்கி ஊருக்குள் வந்தபோது அவருடைய வலை போய்விட்டது. தோணி மட்டும் ஒரு பனையடியில் கிடைத்தது. வலையில்லாத தோணியை வைத்து என்ன செய்வது?

உள்ளே, கூடாரங்களில் தங்கியிருந்தவர்களுக்கு நிவாரணம் கொடுக்க வந்த இளைஞர்களுக்குப் பயிற்சி நடந்தது.

"மீனவருக்கு வலை. வேடருக்குக் கோடரியும் தேன் போத்தலும்," என்றார் நகரத்திலிருந்து வந்த வின்சன்ற் சேர். "அவங்களிட்ட எப்படிக் கேக்கிறதெண்டு இப்ப நடிச்சுப் பழகுவம். ஆர் வேடரா நடிக்கிறது?"

ஒருவன் இடுப்பில் வேப்பங்கொத்தைச் சொருகிக்கொண்டு, "ஊ... ஊ..." என்று குதித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

இராசாத்தி உள்ளே பாய்ந்தாள்.

"நிப்பாட்டுங்க! எங்கட அப்பா எப்ப இப்படிக் குதிச்சவர்?"

சிரிப்பு நின்றது.

"நீ ஆரு புள்ள?" என்றார் சேர்.

"வேடப் புள்ளதான். என்னட்டக் கேளுங்க."

அவள் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த காத்தான்குடி கைறுன்னிஸா அக்கா எதிரே அமர்ந்து, சேர் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டார்.

"மான் எங்க பிடிப்பீங்க?"

"மான் கடலுக்குள்ள நீந்துமா அக்கா? அப்பா பிடிக்கிறது சூடை மீன்."

"அப்ப நீங்க வேடர் இல்லையா?" என்றார் சேர்.

"வேடர்தான்! எங்கட சடங்கு வேற, தெய்வம் வேற. ஆனா கடல் எல்லாருக்கும் ஒண்டுதான். அது ஆள் பார்த்தா வலையக் கொண்டுபோனது? நீங்க மட்டும் ஏன் ஆள் பார்த்துக் குடுக்கிறீங்க?"

கைறுன்னிஸா அக்கா கதிரையை அருகே இழுத்தார்.

"சரி புள்ள. நான் என்ன கேட்டிருக்கணும்?"

"என்ன இழந்தீங்க எண்டு."

"என்ன இழந்தீங்க?"

"வலை," என்றாள் இராசாத்தி. "தோணி மட்டும்தான் மிஞ்சினது."

வின்சன்ற் சேர் படத்தைத் தன் கையாலேயே அழித்தார். "பயிற்சி இவ்வளவும் காணும். வாங்க, கூடாரம் கூடாரமாப் போய்க் கேப்பம்."

அடுத்த வாரம் அப்பா புது வலையைத் தோணியில் ஏற்றினார். தள்ளிவிட வேப்பங்கொத்து அண்ணனும் வந்து நின்றான்.

"அண்ணன், குதிக்காமத் தள்ளுங்க!" என்றாள் இராசாத்தி.