இருநூற்றுப் பன்னிரண்டும் உள்ளன

மார்ச்சு மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. செய்யாத திருட்டுக்காக ஒரு கிடங்கின் பண்டகக் காப்பாளரை இடைநீக்கம் செய்தார்கள். அதற்குச் சாட்சியாக ஒரு கணினியைக் கூண்டில் ஏற்றினார்கள். கணினி பொய் சொல்லாது என்றார்கள். அதற்குப் பொய்யை ஊட்டியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முறையீடு இதுவே.

அன்று காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பண்டகக் காப்பாளரின் அக்கா நிதானத்தின் கதவைத் தட்டினார். தொழிற்கூட விபத்துகளை ஆராய்வது நிதானத்தின் தொழில்; பெயர் ஊரார் இட்டது. உதவிக்கு அவருடனே இருக்கும் மனைவியின் தம்பிக்கு அதே ஊரார் இட்ட பெயர் அவசரம்.

"இரவல் குடுத்த பேனாவோட மூடியைக்கூடக் கேட்டு வாங்கறவன் சார் என் தம்பி. கேட்டு வாங்குவானே தவிர எடுக்க மாட்டான்."

நடந்தது இது. திங்கட்கிழமை, குளிர்பதனக் கிடங்கின் இயந்திர அறையில் அமோனியா கசிந்தது. வால்வை அடைக்க ஓடிய ஃபிட்டர் அறை வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மூச்சுக் கவசம் இல்லை. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு போனார், வால்வை அடைத்தார், தாமாக வெளியே வரவில்லை. மருத்துவமனையில் இப்போது அவருக்காக ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது.

"வெள்ளிக்கிழமை சரிபார்த்தப்போ கவசம் இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. சனி, ஞாயிறு லீவு. கட்டடச் சாவி இவன்கிட்ட. அதனால இவன்தான் எடுத்து வித்துட்டானாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கறாங்க. அந்தப் பிள்ளை செத்துட்டா என் தம்பி கொலைகாரன் சார்."

"அத்தான், வாட்ச்மேன்தான்!" என்று அவசரம் எழுந்தே விட்டான்.

"உட்காருடா. இன்னும் செருப்பே போடல, அதுக்குள்ள ஆளைப் பிடிச்சுட்டே."

கிடங்கினுள் கண்ணைக் கரிக்கும் நெடி இன்னும் போகவில்லை. சிவப்புப் பெட்டி திறந்தபடியே கிடந்தது. நவம்பரில் கட்டடத்துக்கு வண்ணம் பூசியவர்கள் பெட்டியின் உட்புறத்தையும், அதிலிருந்த கொக்கியையும் சேர்த்துப் பூசியிருந்தனர். நிதானம் கொக்கியின் வளைவை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"கவசம் எவ்வளவு கனம்?"

"சிலிண்டரோட பதினோரு கிலோ" என்றார் அங்கிருந்த மேலாளர்.

நிதானம் அதைக் குறித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

மாடியில் சொத்துப் பதிவு அதிகாரி காத்திருந்தார். ஓராண்டுக்கு முன் புதிய முறையைக் கொண்டுவந்தவர் அவரே. வாங்கிய நாள் வரிசைப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்; பொருளின்மேல் பார்கோடு ஸ்டிக்கர்; மாதம் ஒருமுறை ஸ்கேனருடன் சுற்றிவந்து சரிபார்ப்பு. காப்பாளர் கையால் எழுதிவந்த பதிவேடு அன்றே ஒழிந்தது. பொருள்களைப் பார்ப்பது இனி அவர் வேலையன்று என்றும் உத்தரவாயிற்று.

"இருநூத்திப் பன்னிரண்டு பொருள் சார். வெள்ளிக்கிழமை நானே பார்த்தேன். ஒண்ணு குறையல."

நிதானம் வெள்ளிக்கிழமைப் பட்டியலை அச்சிட்டு வாங்கினார். ஒன்றாம் எண் ஸ்கேன் ஆனது பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு. இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் பத்து இருபத்து நான்குக்கு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... எல்.கே.ஜி. குழந்தைகூட ஒப்பிக்கும். இதுல என்ன அத்தான் இருக்கு?" என்றான் அவசரம்.

"அதாண்டா பயமா இருக்கு."

பிறகு வாசலுக்குப் போய், வெளியே செல்லும் பொருள்களைக் குறிக்கும் நோட்டைக் கேட்டார். வாட்ச்மேன் தூசி தட்டிக் கொடுத்தார். "இதை யாரும் இப்ப தொடறதே இல்ல சார். எல்லாம் கம்ப்யூட்டராச்சே."

நான்கு மணிக்கு மேலாளர், அதிகாரி, காப்பாளர், அவருடைய அக்கா நால்வரும் இயந்திர அறைக்கு மேலிருந்த கூட்ட அறையில் அமர்ந்தனர். மேசைமேல் புகார் மனு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"பதினோரு கிலோ தொங்கின கொக்கியில பெயிண்ட் ஒரு இடத்துலயாவது தேய்ஞ்சிருக்கணும்" என்று நிதானம் தொடங்கினார். "ஒரு கீறல்கூட இல்ல. பெயிண்ட் அடிச்ச நாள்லேருந்து அதுல எதுவுமே தொங்கல. அப்போ வெள்ளிக்கிழமை ஸ்கேன் ஆனது எது?" அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணாம் நம்பர் பொருள் எங்கே இருக்கு சார்?"

அதிகாரி பட்டியலைப் பார்க்கக் குனிந்தார்.

"மொட்டை மாடியில, தண்ணி மோட்டார்" என்று காப்பாளர் தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டாம் நம்பர் தரைத்தளத்துல, எடைமேடை."

"நடந்து போறவன் அறை வாரியாத்தான் பார்ப்பான், எண் தாறுமாறா வரும். இங்கே மாடிக்கும் தரைக்கும் அஞ்சே நொடியில போயிருக்கீங்க. அதுவும் நூறு தடவைக்கு மேல. ஸ்டிக்கரெல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தான் அது முடியும். உங்க மேசை டிராயரைத் திறக்கலாமா?"

அவசரம் ஓடிப்போய் டிராயரிலிருந்து ஒரு நோட்டையும் ஸ்கேனரையும் கொண்டுவந்தான். பக்கத்துக்குப் பத்து ஸ்டிக்கர், எண் வரிசைப்படி. அவற்றில் ஒன்றின்மேல் நிதானம் ஸ்கேனரைக் காட்டினார். அது கணீரென்று ஒலித்தது. திரையில் பச்சை எழுத்து தோன்றியது: மூச்சுக் கவசம், உள்ளது.

மேலாளர் எட்டித் திரையைப் படித்தார்.

"கிழிஞ்சா ஒட்டறதுக்குன்னுதான் ரெண்டாவது பிரதி அடிச்சேன்" என்றார் அதிகாரி. "மாடி ஏறி எறங்க முட்டி வலி. ஒரு மாசம் மட்டும்னு நெனச்சேன் சார்..."

"அப்போ கவசத்தைத் திருடினது யாரு?" என்று அவசரம் துடித்தான்.

"திருடனே இல்லடா." நிதானம் வாசல் நோட்டை விரித்தார். அக்டோபர் இருபத்தாறு: மூச்சுக் கவசம் ஒன்று, காற்று நிரப்புவதற்காக வெளியே சென்றது. கீழே அதிகாரியின் கையெழுத்து. திரும்பி வந்ததற்கு எதிரே வெற்றிடம். "அனுப்பினதை இவர் மறந்துட்டார். மாசாமாசம் இருக்கு, இருக்குன்னு கம்ப்யூட்டர் சொன்னதால நிரப்பற இடத்துக்கு ஒருத்தரும் போன் போடல."

மேலாளர் புகார் மனுவைக் கிழித்தார். அக்கா தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டு, அதிகாரியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"உங்க முட்டி வலிக்கு என் தம்பியா கிடைச்சான்?"

நிதானம் மட்டும் ஸ்டிக்கர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "எண்பத்தெட்டு. அமோனியா கசிஞ்சா கத்தற எச்சரிக்கை மணி. எந்த அறை?"

"இதே அறைதான் சார்" என்றார் காப்பாளர்.

எல்லோரும் மேலே பார்த்தனர். கூரையில் மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டத் துளை. அதிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கின. கண்ணைக் கரித்த அந்த நெடி, காலையில் இருந்ததைவிடக் கூடியிருப்பதை அப்போதுதான் உணர்ந்தனர்.

"ஓடாதீங்க. ஆனா இப்பவே எழுந்திருங்க" என்றார் நிதானம். முதன்முறையாக அவசரம் அவருக்குப் பின்னால் நடந்தான்.

அனைவரும் வெளியேறிவிட்டனர். ஃபிட்டருக்காக மட்டும் அந்த இயந்திரம் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கும் நீங்களும் ஏதோ ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறீர்கள். அங்கும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். அது சரியாக இருப்பதாக ஒரு பட்டியலும் இருக்கும். பட்டியலைக் கேளாதீர்கள். நாளைக் காலை, நாற்காலியில் அமர்வதற்கு முன், அந்தப் பெட்டியை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.