பின்மண்டைச் சாட்சி

நீதிமன்ற வில்லைக்கூடத்தில் அன்று ஏழாவதாகச் சிலம்பாயியைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு பித்தளைக் குழாய். அதற்குள் இருந்த வில்லை, அதாவது லென்ஸ், வீரலட்சுமி டாக்கீசில் நாற்பது வருடம் படம் காட்டியது. புரொஜெக்டரெல்லாம் எடைக்குப் போன பிறகும் லென்சுக்கு மட்டும் சாவு வரவில்லை. தன் வழியே வந்த ஒளியைக் கண்ணாடி மறப்பதில்லை என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, பழைய இரும்புக் கடைகளில் போலீசார் அதைத்தான் தேடினார்கள்.

திரைக்குப் போகும் வெளிச்சத்தில் கொஞ்சம், ஆட்களின் தலையில் பட்டுத் திரும்பி லென்சிலேயே படிந்திருக்குமாம். வெங்காயம் உரிப்பதுபோல் நாள் நாளாக உரித்துக் காட்டும் எந்திரம்தான் வில்லைமீட்பி. ஆனால் பாருங்கள், லென்ஸ் இருப்பது ஜனங்களுக்குப் பின்னால். முகம் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் பின்மண்டைதான்.

"கொலை நடந்தப்ப உங்க தம்பி தவசியும் கூட்டாளி இருளப்பனும் படம் பாத்துட்டிருந்ததா சொன்னாங்க, இல்லையாம்மா?" என்று கேட்டார் அதிகாரி ரெஜினா.

"ஆமா தாயி. இருபத்திரெண்டு வருசமா உள்ள கெடக்குதுக. ஒரு பாவமும் அறியாததுக."

இருளப்பனுக்கு யாருமில்லை. 'அக்கா, நீ பாத்தாப் போதும், எனக்கும் விடிஞ்சிரும்' என்று சிறையிலிருந்து எழுதியிருந்தான்.

சுவரில் படம் எழுந்தது. கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தலைகள். இடது தலையில் இரட்டைச் சுழி. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம், "ஒனக்கு ரெண்டு பொண்டாட்டிடா" என்று அவள் குட்டிய அதே சுழி. சிலம்பாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இடைவேளை. படம் நின்றால் லென்சும் குருடுதான். மறுபடி வெளிச்சம் பாய்ந்தபோது, வலது தலை காது அசைய எதையோ மென்றுகொண்டிருந்தது. இடதுபக்க நாற்காலி, படம் முடியும்வரை காலி.

"கொலை நடந்தது இடைவேளைக்கு அப்புறம். உக்காந்திருந்தவர் இன்னிக்கே விடுதலை. மத்தவருக்கு இனிமே அப்பீலே கிடையாது. இதுல தவசி யாரும்மா? ரெண்டு பேருக்கும் இப்ப முழு வழுக்கை. எங்களால பொருத்திப் பாக்க முடியல."

பெற்றவள் கண்மூடும்போது சிலம்பாயி கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை, தவசி. ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. மென்றுகொண்டிருந்த தலைமேல் போய் நின்றது.

"நல்லாப் பாருங்க."

"நான் குளிப்பாட்டுன தலை தாயி."

'மறுக்க முடியாத வில்லைச் சாட்சி' என்று ரெஜினா முத்திரை குத்தினார். உரித்து முடிந்த கண்ணாடி, குழாய்க்குள் பால்போல வெளுத்துக் கிடந்தது.

வெளியே பெஞ்சில் தாய்மாரும் பெண்டாட்டிமாரும் முறைக்குக் காத்திருந்தார்கள். எட்டாவதாக இருந்தவள் சிலம்பாயியின் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரக் காட்டப் போறாக. அது பொய்யே சொல்லாதாமே?"

சிலம்பாயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது காட்டத்தான் செய்யும் தாயி. சொல்றது நாமதான்."