வலது பக்கத்துச் சுட்டி

படுத்திருப்பவரின் மூச்சு தன் கையில் படவில்லை என்பதை, மூன்றாவது வரி மாவு வைத்த பிறகுதான் முத்தாரம்மாள் கவனித்தாள்.

கதகளிக்காரருக்குச் சுட்டி வைப்பது, அதாவது அரிசிமாவையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தாடையோரமாக வெள்ளை விளிம்பு கட்டுவது, ஒன்றரை மணி நேர வேலை. பாயில் மல்லாந்து கிடப்பவர் அதற்குள் தூங்கிப்போவார். வைப்பவரின் மணிக்கட்டில் அவருடைய மூச்சு சூடாக வந்து வந்து போகும். மூன்று வாரமாக ஆசான் வேலப்பனின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தில் அந்தச் சூடு இல்லை. ஐப்பசி மழை தகரக்கூரையில் விடாமல் கொட்டியது. தேங்காயெண்ணெயும் அரைத்த அரிதாரமும் ஈர வேட்டியும் கலந்த வாடை அறை முழுக்கக் கனத்துக் கிடந்தது. மழைக் குளிர்ச்சிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எழுபத்தாறாம் வருஷத்துக் கலைவிழா அது. தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அரங்கம். ஓவியத்தில் டிப்ளமா வாங்கியிருந்த முத்தாரம்மாள் கரமனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். பெயர் டிரெய்னி, செய்ததெல்லாம் கிண்ணம் கழுவுவதும், வியர்வை நாறும் உடுப்புகளை உலர்த்துவதும். விழா முடிந்ததும் ஒப்பனை உதவியாளர் வேலை தருவதாகச் செக்ரட்டரி பகவதிப்பெருமாள் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் ஆசான் தலை நிமிராமலே, கடைசிப் பாயில் இருக்கிற ஆளுக்கு நீ வை என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் இடது பக்கம் ஏற்கெனவே முடிந்திருந்தது. காய்ந்து, மெல்லிய வெடிப்புகூட விட்டிருந்தது. முதல் தடவை கிடைத்த முகமும் முழு முகமில்லை, யாரோ வைத்து மிச்சம் விட்ட பாதி. அந்தக் கசப்போடுதான் உட்கார்ந்தாள். ஆனால் வலது பக்கம் அவள் கையில் இடதைவிட அழகாக வந்தது. கடைசி வரியை இழுத்து முடித்தபோது உள்ளுக்குள் ஒரு பெருமைகூட எழுந்தது.

"தீர்ந்தோ?"

உதடு அசையவில்லை. மூச்சும் வரவில்லை. குரல் மட்டும்.

"தீர்ந்தது" என்றாள், யோசிக்காமல்.

அப்போது வாசலில் டீ கிளாஸோடு ஒருவர் வந்து நின்றார். அன்றைய அரசன் வேடக்காரர். இத்தனை நேரமாகியும் தனக்குச் சுட்டி வைக்க யாரும் கூப்பிடவில்லையே என்று கேட்டார். அவர் முகம் வெறும் முகமாக இருந்தது.

முத்தாரம்மாள் திரும்பினாள். பாய் காலி. தலை கிடந்த இடத்தில் ஈரம்.

வேலப்பன் அவள் கிண்ணத்தைப் பார்த்தார். மாவு பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. எந்தப் பக்கம் வைத்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னாள். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். போன வருஷம் இதே இடத்தில் வேடக்காரர் குட்டப்பப் பணிக்கருக்கு இடது பக்கம் முடித்து வலதுக்கு வரும்போது மூச்சு இழுத்தது. வேலப்பன் ஓடிப்போய்ச் செக்ரட்டரியிடம் சொன்னார். விருந்தாளிகள் வந்து உட்காரும் நேரம். கிடக்கட்டும், ஆட்டம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார் அவர். துணியால் மூடிவிட்டு, பக்கத்துப் பாயில் மற்றவர்களுக்கு வேஷம் கட்டினார்கள். மூன்று மணி நேரம்.

"முதல்லேயே கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார், மக்ளே."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா ஆசானே?"

"எனக்கு நாலு பிள்ளைகள்."

அவள் நேராகப் பகவதிப்பெருமாளிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் பயப்படவில்லை, கோபப்பட்டார். மேஜைமேல் இருந்த அழைப்பிதழ்களை அடுக்கிக்கொண்டே பேசினார்.

"வேலை வேணும்னா வாயை மூடிட்டு இரி. ஆட்டம் நடக்கும்போது உன் சத்தம் கேட்டுதுன்னா, பிறகு இந்தப் பக்கம் வரண்டாம்."

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பக்கத் திரைக்குப் பின்னால், வேலப்பனுக்கு அருகில் நின்றாள். செண்டை அடி நெஞ்செலும்பில் விழுந்தது. முன்வரிசையின் நடுவில், கழுத்தில் மாலையோடு பகவதிப்பெருமாள். குத்துவிளக்கின் வெளிச்சம் அவர் கன்னத்தில் ஆடியது.

இடது காதடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

மாலைப் பூ என்று நினைத்தாள். அது வளர்ந்தது. தாடையோரமாக, ஈரமாக, ஒரு வரி. அதன்மேல் இன்னொரு வரி. வைக்கும் கை தெரியவில்லை. வரி மட்டும் வந்தது. இடது பக்கம் நேர்த்தியாக முடிந்தது. பிறகு வலது.

பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆட்டத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளை உதட்டில் ஏறியது. வாய் மூடியது.

அவர் கண்கள் மேடையைத் துழாவின. திரையோரத்துக்கு வந்தன. அவளைப் பிடித்துக்கொண்டன.

ஒரு சத்தம் போதும். விளக்கைப் போடுவார்கள். ஓடிவருவார்கள்.

வேலப்பனைப் பார்த்தாள். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

முத்தாரம்மாள் உதட்டைக் கடித்தாள். கத்தவில்லை.

வெள்ளை மூக்கை மூடியது.

செண்டை வேகம் பிடித்தது. கூட்டம் கைதட்டியது. அவரும் தட்டினார். முகத்தில் கண்கள் மட்டும் மிச்சம். கூட்டம் ஓய்ந்தது. இமைக்காத அந்தக் கண்களுக்குக் கீழே அவர் கைகள் மட்டும், யாரோ மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுவதுபோல, தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டே இருந்தன.