மூன்றாவது மூச்சு

சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தது இரண்டே பேர். திலகாவின் காதில் கேட்டதோ மூன்று பேருடைய மூச்சு.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்பின் கூரைகளை மத்தியானத்திலிருந்தே மழை அறைந்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்துத் தகரத்தில் கொட்டிய தண்ணீர் ஹெட்செட்டையும் மீறி இரைந்தது. உள்ளறையில், தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அவள் கணவன் பரமேஸ்வரன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான். அவனுடைய குறட்டைதான் எப்படியோ மைக்கில் ஏறுகிறது என்று நினைத்தாள். ஆனால் இந்த மூச்சில் ஓர் ஈரம் இருந்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டவன் இழுத்து இழுத்து விடுவதுபோல.

“காந்தா, ஒன் பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“யாரும் இல்லக்கா. அம்மா குசினில மீன் பொரிக்கிறாங்க. ஏன்?”

காந்தன் அவளுடைய சித்தி மகன். செங் என்ற ஊரில், தன் வீட்டிலிருந்து விளையாடினான். லீவு கிடைத்தால் இருவரும் கணினித் திரையின் இந்த நகரத்துக்குள் இறங்கிவிடுவார்கள். குண்டு விழுந்து எரிந்துபோன நகரம். சாம்பல் ஓயாமல் உதிரும் தெருக்களில், எங்கெங்கோ உட்கார்ந்து விளையாடும் முகம் தெரியாத ஆட்கள் தகர டப்பாவுக்கும் தண்ணீருக்கும் ஒருவரையொருவர் அடித்துக் கொன்றுகொண்டிருப்பார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் பெயர் வெள்ளையாக மிதக்கும். செத்தால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான். விளையாட்டு.

இடிந்த பேரங்காடியின் படிக்கட்டில் ஒருவன் நின்றிருந்தான். மெலிந்த உடம்பு, தொங்கிய தலை. தலைக்கு மேல் பெயர் இல்லை.

“ஹேக்கர் போலலா,” என்றான் காந்தன். ஆட்டத்தில் அவனுடைய பாத்திரம் பாராங் கத்தியை உருவியது. “பையில ஏதாச்சும் வச்சிருப்பான்.”

“விடுறா. சும்மாதானே நிக்கிறான்.”

“சும்மா நிக்கிறவனத்தான் ஈசியா போடலாம்.”

கத்தி தோளில் இறங்கியது. எத்தனையோ தடவை கேட்ட ஆட்டத்துச் சத்தம் இல்லை அது. இறைச்சிக்கடைக் கட்டையில் எலும்போடு சேர்த்து வெட்டும் சத்தம். அவன் தடுக்கவில்லை, ஓடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினான். அதே நொடி, காந்தனின் மைக்கில் தொலைவாக, ஏதோ சட்டி தரையில் விழுந்து உருண்டது.

காந்தன் சிரித்துக்கொண்டே மறுபடி வெட்டினான். இந்த முறை கழுத்து.

செங்கில் ஒரு பெண் அலறினாள்.

“அம்மா?” நாற்காலி சாய்ந்தது. காலடிகள் ஓடின. திறந்து கிடந்த மைக் வழியாகத் திலகா எல்லாவற்றையும் கேட்டாள். “அம்மா! யாரும்மா? யாரு வெட்டுனா? இங்க யாருமே இல்லையே! ஐயோ, கழுத்து... அக்கா! அக்கா, ஆம்புலன்சு!”

சித்தி இருசம்மாளின் குரல் கொப்பளித்தது. சொல்லாக வரவில்லை.

திலகா போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. அப்போதுதான் திரையைப் பார்த்தாள். காந்தன் எழுந்து போய்விட்டான். அவனுடைய பாத்திரத்தை இயக்க யாருமில்லை. அது கத்தியை மறுபடி ஓங்கியது.

“காந்தா! கம்ப்யூட்டர நிறுத்து! காந்தா!”

வெட்டு. செங்கில் அலறல். வெட்டு. இன்னொன்று. நிதானமாக, களைப்பே இல்லாமல். ரத்தம் படிக்கட்டில் ஒழுகித் தெருச் சாம்பலைக் கறுப்பாக்கியது. பிறகு வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அலறல் இல்லை. காந்தன் மட்டும் எங்கோ தரையில் கிடந்து, “நான் இல்லம்மா... நான் ஒன்னும் பண்ணலம்மா...” என்று குழறினான். அதுவும் அறுந்தது.

மூச்சு மட்டும் மிச்சம்.

பெயரில்லாதவன் எழுந்தான். பிளந்த தோள் ஒரு பக்கம் தொங்க, தலை ஒரு நரம்பில் ஆட, படியிறங்கினான். திலகாவின் பாத்திரத்துக்கு முன்னால் வந்தான். முட்டி போட்டான். கழுத்தை நீட்டினான்.

அவள் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்துவிட்டாள். நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். எதையும் தொடமாட்டேன். எதையும்.

திரையில் அவளுடைய பாத்திரம் முதுகிலிருந்து கோடாரியை எடுத்தது.

“வேணாம்,” என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. சாமி விளக்கின் சிவப்பும் மழையும் மட்டும். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. அதற்குள்ளிருந்து கோடாரி இறங்கும் சத்தம் வந்தது.

உள்ளறையில் பரமேஸ்வரன் கத்தினான்.

ஓடினாள். கதவு. பிடி வழுக்கியது. திறந்தாள்.

கட்டிலின் மூலையில், சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்தான். இடது தோள் மார்பு வரை பிளந்திருந்தது. மெத்தை நனைந்து தரையில் சொட்டியது. ஜன்னல் பூட்டியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

“மாமா! யாரு? யாரு மாமா?”

அவன் அவளைத்தான் பார்த்தான். முகத்தை அல்ல. முகத்துக்கு மேலே.

“வேணாம் திலா,” என்றான். உதட்டில் ரத்தம் நுரைத்தது. “கீழ போட்டுடு.”

“என் கையில ஒன்னும் இல்ல மாமா. பாருங்க, ஒன்னுமே இல்ல.”

காட்டுவதற்காகக் கைகளை முன்னால் நீட்டப் பார்த்தாள். வரவில்லை. பெரும் பாரத்தைத் தூக்கிப் பிடித்ததுபோலத் தோள்கள் வலித்தன. அண்ணாந்து பார்த்தாள்.

அவளுடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடியை விரல்கள் வெளுக்க இறுக்கியபடி.