எட்டாம் நம்பர் வீட்டு மூட்டைகள்

1979, ஐப்பசி மாதம். வியாழக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம்.

போடிநாயக்கனூர் சர்க்கார் காலனியில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த எட்டாம் நம்பர் வீட்டைத் திறந்து, கொத்தனார் முதல் மூட்டையின் தையலைப் பிரித்தார். கையை விட்டு அள்ளினார். வந்தது சிமெண்டு இல்லை, தோட்டத்துச் செம்மண்.

இருபது மூட்டையையும் பிரித்துப் பார்த்தார்கள். இருபதிலும் மண்.

பத்து வீட்டுத் தளமும் ஒழுகுகிறது என்று ஆறு வருஷம் மனுப் போட்டு, "நிதி இல்லை" என்ற பதிலை ஆறு தடவை வாங்கி, கடைசியில் தட்டுப்பாட்டு நேரத்தில் பெர்மிட்டில் கிடைத்த சிமெண்டு அது. ஏழாம் நம்பர் வேலுத்தாய்தான் அந்த மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிற சோலி அவளுக்கு. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

எட்டு ஐம்பதுக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஜக்கையன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஓவர்சியர் வெள்ளைத்துரை குடையோடு முன்னால் ஓடினார்.

"சாவி வாட்ச்மேன் பால்சாமிகிட்டத்தான் சார் இருந்துச்சு. திங்கக்கெழம காலையில கதவத் தொறந்து, மூட்டைய எண்ணி, ஒண்ணைப் பிரிச்சு சிமெண்டு பதம் பாத்துத் தச்சு வச்சுட்டுத்தான் சாவியக் குடுத்தேன். மூணே நாள்ல மண்ணா மாத்திப்புட்டான். இன்னைக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். ஜெயிலுக்குப் போறவனுக்கு சர்க்கார் வீடு எதுக்கு?"

பால்சாமியின் மனைவி மாயக்காள் அதற்குள் பாய் தலையணையைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தூறலில் நனைந்துகொண்டு நின்றாள்.

"ஏய், பால்சாமி. நீ என்ன சொல்ற?" என்றார் ஜக்கையன்.

"கதவையே தொறக்கல சார். வாசல்ல நின்னு சாவியக் குடுத்தாரு. நோட்டுல கைநாட்டு வாங்குனாரு. அம்புட்டுத்தான்."

"அதுக்கு முன்னால சாவி யாருகிட்ட?"

"அவருகிட்டத்தான். மஞ்சக்காமாலை வந்து இருபத்தஞ்சு நாளு தேவாரத்துல மச்சினன் வீட்டுல கெடந்தேன். ஞாயித்துக்கெழம ராத்திரிதான் திரும்புனேன். சிமெண்டு லோடு வந்ததே நான் இல்லாதப்பத்தான்."

"மூணு நாளா உள்ள போயிப் பாக்கலையா?"

"பூட்டு தொங்குதான்னு பாக்கத்தான் சார் சம்பளம்."

ஜக்கையன் உள்ளே போனார். வேலுத்தாய் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். ஜன்னல்கள் பலகை அடித்து மூடியிருந்தன. இருட்டு. தளத்தில் மூன்று இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகள் நேராக மூட்டைகளின் மேல் விழுந்தன. ஈரச் சாக்கின் கண்களுக்குள்ளிருந்து வெளுத்த மஞ்சளாக முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சப்-இன்ஸ்பெக்டர் கால்சட்டையில் ஒட்டிய ஒன்றைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"பூட்டு உடையல. ஜன்னல் உடையல. சாவி உன் கையில. நடய்யா ஸ்டேஷனுக்கு."

"சார், ஒரு நிமிசம்." வேலுத்தாய் குறுக்கே வந்தாள். "ஓவர்சியரய்யாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"நீ யாரும்மா?"

"ஏழாம் நம்பர். இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒழுகுற வீடு."

ஜக்கையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேளு. வெரசாக் கேளு."

"ஏங்கய்யா, திங்கக்கெழம நீங்க பாக்கும்போது மூட்டை மேல முளை கிளை எதுவும் இருந்துச்சா?"

வெள்ளைத்துரை ஏளனமாகப் பார்த்தார். "சிமெண்டு மூட்டையில எங்கம்மா முளை வரும்? சுத்தமா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தீகள்ல? சரிங்கய்யா."

அவள் உள்ளே போய் ஒரு முளையை வேரோடு உருவிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் நீட்டி, விரலை விரித்து அளந்தாள். ஒரு சாண், அதற்கு மேலும் இரண்டு விரல்.

"தட்டாம்பயறு சார். அறுவடை முடிஞ்ச தோட்டத்துல அள்ளுன மண்ணு. உதிந்து கெடந்த பயறும் கூடவே வந்திருக்கு. மேல சொட்டுன தண்ணியில முளைச்சிருச்சு. ஆனா இது மூணு நாள் முளை இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினாறு வருசமா அம்மனுக்கு முளைப்பாரி போடுறேன் சார். மண்ணுல பயறப் போட்டு, இருட்டு அறையில வச்சு, தண்ணி தெளிச்சு வளக்குறது. மூணாம் நாளு வெத மண்ணத் தூக்கும். அஞ்சாம் நாளு நாலு விரக்கடை. ஒரு சாணைத் தாண்டணும்னா பத்து நாளாகும்."

"பொம்பளைங்க கணக்கு!" என்றார் வெள்ளைத்துரை.

ஜக்கையன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்தார். காலனியிலிருந்து இரண்டு பெண்களை, ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காத தூரத்தில் நிறுத்தி, முளையைக் காட்டினார். "இது எத்தனை நாளும்மா?" என்பது மட்டுமே கேள்வி.

பொன்னுமணி, "பத்து இருக்கும்" என்றாள்.

இருளம்மாள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்துக்குக் கொறையாது. யாரு வீட்டுப் பாரி சார் இது? ஒத்தை ஒத்தையா நிக்குதே, கஞ்சப்பயலால்ல வெதச்சிருக்கான்!"

வெள்ளைத்துரை குறுக்கிட்டார். "சார், ஏற்கெனவே முளைச்சுக் கெடந்த மண்ணை இவன் அள்ளியிருப்பான்."

"வெயில்ல முளைச்சா பச்சையாவுல்ல இருக்கும்?" என்றாள் வேலுத்தாய். "இது இருட்டுல வளந்த மஞ்ச. மம்பட்டியால அள்ளிக் கொட்டியிருந்தா ஒடிஞ்சு மக்கியிருக்கும். இதோட வேரு மூட்டைக்குள்ள, தலை சாக்கு வழியா வெளிய. இந்த வீட்டுக்குள்ள, இந்த மூட்டையிலயே பொறந்த புள்ளை சார் இது."

மணி பத்து ஐந்து. ஜக்கையன் நிதானமாகப் பேசினார்.

"பத்து நாளைக்கு முன்னாலயே மண்ணு இங்க இருந்திருக்கு. அப்போ பால்சாமி தேவாரத்துல. சாவி உங்ககிட்ட. திங்கக்கெழம நீங்க பாத்ததாச் சொன்ன சிமெண்டு இந்த வீட்டுக்கு வரவே இல்ல. பழி போட ஆளு வேணும். ஆளு திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்து சாவியக் குடுத்திருக்கீங்க. கதவத் தொறக்காமக் குடுத்ததுதான் தப்பாப் போச்சு. தொறந்திருந்தா முளையப் புடுங்கிப் போட்டிருப்பீங்க. சிமெண்டு எங்கய்யா?"

வெள்ளைத்துரை படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குரங்கணிக்கு மேல... ஒரு ஏலத் தோட்டத்துல காய் உலத்துற கூடம் கட்டுறாங்க. ஜீப்புல ஏத்திட்டேன். பன்னெண்டு மூட்டை இன்னும் அப்படியே இருக்கும்." பிறகு, தனக்குத்தானே முனகினார்: "எட்டாம் நம்பர் தளம் போன வருசமே பழுது பாத்ததா ஃபைல்ல இருக்கு. ஒழுகும்னு யாரு கண்டா?"

"அப்படி எழுதுனதும் நீங்கதானய்யா?" என்று கேட்டார் ஜக்கையன்.

கூட வந்திருந்த கான்ஸ்டபிள் வெள்ளைத்துரையை ஜீப்பில் ஏற்றினார்.

பால்சாமி கைகூப்பினான். மாயக்காள் நனைந்த பாயை உதறிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஜக்கையன் வாக்குமூலத்தை எழுதி முடித்து, கையெழுத்துப் போட வேலுத்தாயிடம் பேனாவை நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள்.

"தளம் ஒழுகுனதுனாலதான் முளைச்சுதுன்னு இதுல இல்லையே சார்?"

"அது எதுக்கும்மா?"

"எழுதுங்க. பத்து வீடும் ஒழுகுதுன்னும் எழுதுங்க."

"அது போலீசு சோலி இல்லம்மா. அதுக்கு நீங்கதான் மனுப் போடணும்."

"நாங்க எழுதுனத ஆறு வருசமா ஒருத்தரும் படிக்கல. கோர்ட்டுக்குப் போற காயிதத்த யாராச்சும் படிச்சுத்தானே ஆகணும்?"

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பர்ல இருந்து சொல்லு," என்றார். "எந்தெந்த அறையில ஒழுகுது?"