பதினோராவது திருத்தம்

"அம்மா, இந்த ஈயச் சுவரை யாரு பெத்தாங்க?" என்று மங்களேஸ்வரியின் மகள் நான்கு வயதில் ஒருமுறை கேட்டாள். மகளுக்கு இப்போது திருமணமே ஆகிவிட்டது. பதில்தான் இன்னும் முடியவில்லை.

நிலவின் மறுபக்கத்தில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், வெளிக்கதிர்களைத் தடுக்கும் ஈயச் சுவர்களுக்குள் இருந்தது அவள் வேலை பார்த்த ஆய்வகம். காலையில் வருபவர்கள் முதலில் கதவருகே நின்று, தங்கள் உடலிலிருந்து வரும் கதிர்வீச்சை அளந்துகொள்வார்கள். மனித உடலின் மெல்லிய கதிர்கூட அங்கே பெருங்கூச்சல். அளவு கூடினால் அன்றைக்கு வெளியே உட்கார வேண்டியதுதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

உள்ளே கார்பன் தகட்டின் மேல் ஹீலியம் அணுக்களை மோதவிட்டார்கள். எப்போதாவது ஒரு மோதலில் ஒரு நியூட்ரான் தெறிக்கும். முதிய விண்மீன்கள் அப்படித் தெறிக்கும் நியூட்ரான்களை இரும்பின் மேல் ஒவ்வொன்றாக ஏற்றித்தான் பேரியமும் ஈயமும் செய்கின்றன. எத்தனை தெறிக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு ஈயம் பிறக்கும் என்பதும் தெரியும். மங்களேஸ்வரி மூன்று ஆண்டுகள் எண்ணினாள். ஒரு நாளில் நாலைந்து கிடைத்தால் அதிகம். கடைசியில் அவளுக்குக் கிடைத்த எண், ஒப்புக்கொள்ளப்பட்ட எண்களைப் பதிந்துவைக்கும் அறிவியல் ஏட்டில் இருந்ததில் பாதி.

புது எண்களைப் பழையதோடு ஒப்பிட்டு ஏட்டில் ஏற்றுவது ஒப்புமானி என்ற இயந்திரம். "பிழையைத் தேடுங்கள்" என்று அது பத்து முறை திருப்பி அனுப்பியது. தகட்டின் தடிமன், சுவரின் கதிர், கருவியின் சூடு என்று பத்து முறையும் தேடினாள். எண் அசையவில்லை.

இயக்குநர் ஞானவடிவு நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புமானியின் ஒப்புதல் வராவிட்டால், அணுக்களை மோதவிடும் முடுக்கியை அணைத்து, அந்தக் குகையைத் தண்ணீர்த் தொட்டியாக்க உத்தரவு வந்திருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பு இருந்தவர்களும் ஏதாவது ஒரு திருத்தத்தைக் கண்டுபிடித்துத்தான் கரையேறினார்களாம்.

"பதினோராவதா ஒரு திருத்தம் போட்டுடும்மா. ஏட்டு எண்ணுக்குக் கிட்டப் போனாலே அது விட்டுடும்."

"கிட்டப் போனதும் தேடறதை நிறுத்திக்கலாம், அதானே சார்? ஆண்டவன் போட்ட எண்ணுக்கு நான் திருத்தம் போட மாட்டேன். தொட்டியே கட்டுங்க. குடிக்கவாவது ஆகும்."

நேரே ஒப்புமானியிடம் போனாள். ஏட்டில் இருக்கும் பழைய எண்ணிலும் அதே பத்துப் பிழைகளைத் தேடச் சொன்னாள். இயந்திரம் மறுக்கவில்லை. இதுவரை யாரும் கேட்காததால் செய்யாமலிருந்தது, அவ்வளவுதான்.

தேடியதில் பழைய கதை வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தேவசகாயம் என்பவர் அவளுடைய எண்ணையே கண்டிருந்தார். அன்றைய ஏட்டோடு பொருந்தாததால் அதைப் பிழை என்று ஒதுக்கி, அவரைக் காற்று வடிகட்டிகளைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பொருந்தும்வரை திருத்தியிருந்தார்கள், பொருந்தியதும் நிறுத்தியிருந்தார்கள்.

வியாழக்கிழமை ஏடு மாறியது. முடுக்கி தப்பியது. குடியிருப்பே பாயசம் குடித்தது. புதிய எண்ணுக்கு 'மங்களேஸ்வரி மதிப்பு' என்று பெயர் வைத்தார்கள். தேவசகாயத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். விழாவின் அமளியில் அது மறந்துபோனது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, செவ்வாயிலிருந்து ஜொஹரா என்ற பெண் அதே அணு மோதலை அளந்து தன் எண்ணை அனுப்பினாள். மங்களேஸ்வரி மதிப்பைவிட அது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஒப்புமானி வழக்கம்போல் "பிழையைத் தேடுங்கள்" என்று எழுதி, மதிப்புக்கு உரியவளின் கையெழுத்துக்காகக் காத்து நின்றது.

'சின்னப் பொண்ணு. தகட்டைச் சரியாத் துடைச்சிருக்க மாட்டா' என்று நினைத்தபடியே மங்களேஸ்வரி பாதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பேனா நின்றது. அறையில் வேறு யாருமில்லை. அந்தப் பாதிக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அடித்தாள். முதலில் தன்னுடைய எண்ணைப் பதினோரு முறை சோதிக்கும்படி உத்தரவு எழுதினாள்.

கோருபவர் பெயர் என்ற இடத்தில், தேவசகாயம் என்று நிரப்பினாள்.